கலப்பத்து அடித்த லாரி

தருவைக்குளம் விலக்கைத் தாண்டும்போது இரண்டு பாதமும் கொப்பளித்துவிட்டன. செருப்பு தூத்துக்குடியில், தோணித்துறைக்குப் பக்கத்துக் கொட்டகையில், ஒரு புது லாரிக்கு அடியில் கிடந்தது. எடுக்கக் குனிந்தால் அங்கே வேலை செய்யும் ஆட்களுக்கு முன்னால் குனிந்ததாக ஆகும் என்று வெறுங்காலோடு கிளம்பிவிட்டேன். பத்து மணி வெயிலில் அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று தார்ச்சாலை சொல்லிக்கொடுத்தது.

எதிரே உப்பு லாரிகள் வந்தபடி இருந்தன. ஒவ்வொன்றும் சாலையில் ஓர் ஈரக்கோடு போட்டுக்கொண்டே போயிற்று. பாத்தியிலிருந்து அள்ளிய உப்பு காய்ந்தது போலத் தெரியும். லாரியில் குவித்ததும் அடியில் தண்ணீர் கசியும். பலகை இடுக்கு வழியாக அது ஒழுகிப் போய்விடும். அந்த ஈரத்தில் பாதத்தை வைத்தேன். முதலில் குளிர்ந்தது. பிறகு கொப்புளத்தில் இறங்கி எரித்தது. எரிந்தாலும் அதிலேயே நடந்தேன். என் வேலை போனது இந்த ஒழுகலால்தான்.

உடன்குடிப் பக்கம் பிறந்து, ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன் நான். இருபது வருடமாக லாரி. நெல்லூரில் நிலக்கரி, ராய்ப்பூர் பக்கம் போர்வெல் குழாய், நடுவில் எட்டு மாதம் வேலையில்லாமல் ஒரு டோல்கேட் அருகே படுக்கை. ஓட்டியதெல்லாம் மற்றவர்கள் ஓட்டித் தேய்த்துத் தள்ளிய வண்டிகள். கிளச்சை மிதித்தால் இன்னொருவன் கால் பழக்கம் அதில் இருக்கும். ஒரு புது வண்டியை முதல் கிலோமீட்டரிலிருந்து ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. நாற்பத்தொரு வயதில் அது கைக்கு வந்தது.

முதலாளி கடற்கரைக்காரர். மூன்று தலைமுறையாக மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் தோணி விட்ட குடும்பம். கடைசித் தோணியில் இருந்த பங்கையும் விற்றுவிட்டு, பத்துச் சக்கர லாரி ஒன்று எடுத்தார். ஷோரூமில் அவருக்கு நாற்காலியும் குளிர்பானமும் கொடுத்தார்கள். நான் புது வண்டியில் ஏறிச் சீட்டில் உட்காரப் போனேன். டை கட்டிய பையன் ஒருவன் ஓடிவந்து, "டிரைவரண்ணே, கவர் கிழிஞ்சிரும், கீழ நில்லுங்க" என்றான். முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குளிர்பானத்தைக் குடித்து முடித்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

"ஏலே, பாடி கட்டி முடியுத வரைக்கும் வண்டிய விட்டு நகராத. ரோட்டுக்கு வந்த பொறவு ஸ்டியரிங் ஒனக்குத்தான். வேற எவன் கையும் படாது."

அந்த ஒரு வார்த்தைக்காக ஒன்றரை மாதம் அந்தக் கொட்டகையில் கிடந்தேன்.

கம்பெனியிலிருந்து வருவது முன்னால் கேபினும் பின்னால் வெறும் சட்டமும்தான். சரக்கு ஏற்றும் பெட்டியை நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற முதலாளிகள் வண்டியை நாமக்கல் பக்கம் அனுப்புவார்கள். இவர் ஓடாவியிடம் விட்டார். ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர். முதலாளியின் அப்பாவுக்குத் தோணிகள் கட்டிய அதே ஆள். லாரியைப் பார்த்ததும் ஓடாவி அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, "சக்கரம் வச்ச தோணி. அவ்வளவுதான?" என்றார். அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

ஆயினி மரப் பலகை இறங்கியது. இழைத்துப் பொருத்தினார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை வைத்து உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினார்கள். கலப்பத்து அடிப்பது என்று அதற்குப் பெயர். கடல்தண்ணீர் தோணிக்குள் வராமல் இருக்கச் செய்கிற வேலை. பின்கதவின் விளிம்பிலும் எண்ணெய்த் துணியைச் சுற்றி இறுக்கினார்கள். அழகான வேலை, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். நீல வண்ணம் அடித்து முடித்ததும் முதலாளி தினமும் சாயங்காலம் வந்து பெட்டியின் பக்கவாட்டைத் தடவிவிட்டுப் போனார்.

ஒரு சாயங்காலம் சொன்னேன். "மொதலாளி, அடில மூலைக்கு ஒண்ணா நாலு ஓட்டை போடணும்."

உளிச் சத்தம் நின்றது. ஓடாவி தன் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டியளால? அடில ஓட்டை போடணுமாம்."

"கருப்பட்டிக்கு வெயில் ஏறிட்டு, மேஸ்திரி" என்றான் ஒருவன். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரன் என்பதால் அங்கே எனக்கு அதுதான் பெயர். ஒன்றரை மாதத்தில் என் சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை.

"உப்பு தண்ணி விடும், மொதலாளி. போக வழி இல்லன்னா அடில நிக்கும். பிரேக் அடிச்சா மொத்தமும் முன்னால வந்து என் முதுகுலதான் மோதும்."

"தண்ணி வரக்கூடாதுன்னுதாம்ல கலப்பத்து அடிச்சிருக்கு" என்றார் முதலாளி.

"வெளிய இருந்து வார தண்ணியச் சொல்லல. உள்ள இருந்து போற தண்ணியச் சொல்லுதேன்."

அவர் முகம் மாறிவிட்டது. அவர் அப்பாவின் தோணி ஒன்று அடி திறந்து முங்கிப்போனது என்றும், யாரோ துளை போட்டுவிட்டார்கள் என்று அந்தக் குடும்பம் இன்றும் நம்புகிறது என்றும் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அது தெரிந்தும் பேசினேன். "இனி இந்தப் பேச்ச எடுத்தா பல்லத் தட்டிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துச் சோதனை. கலப்பத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே தண்ணீர் விடுவது வழக்கம், தோணிக்கு. ஒரு தண்ணி லாரியை வரவழைத்துப் பெட்டிக்குள் குழாயைப் போட்டார்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. எல்லோரும் குனிந்து அடியைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை. முதலாளி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஓடாவியின் கழுத்தில் துண்டு விழுந்தது. நான் பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தேன். புதுப் பட்டைகள் அமுங்கிக் கிடந்தன. ஓர் உப்புக்கல்கூட ஏற்றாத வண்டி.

அப்புறம்தான் அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்ற எண்ணமே வந்தது. பின்கதவைத் திறந்தால் தண்ணீரின் வேகத்தில் கீல் பிய்ந்துவிடும். எட்டுப் பேர் ஏறி வாளியால் இறைத்தார்கள். மதியம்வரை இறைத்தார்கள். தோணியில் இறைத்தே பழகியவர்கள். அதில் அவர்களுக்கு ஒரு தவறும் தெரியவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே இறைத்தார்கள். நான் வாளியைத் தொடவில்லை. ஓட்டப்போவது நான்.

மறுநாள் விடிந்ததும், ஆட்கள் வருமுன், டிரில்லை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். செருப்பு வழுக்கியது, கழற்றிப் போட்டேன். ஓட்டை கேட்டேன், கொடுக்கவில்லை, நானே போட்டேன். இதற்கு மேல் எனக்கு நியாயம் எதுவும் இல்லை. மூன்றாவது ஓட்டையில் இருக்கும்போது யாரோ காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஓடாவி. கன்னத்தில் ஓர் அறை விட்டார். அறுபது வயதுக் கை மாதிரி இல்லை அது.

"பெத்த பிள்ளைக்கு வயித்துல ஓட்டை போடுவியால? போடுவியா?"

நான் அவர் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். மரச் சீவலில் போய் விழுந்தார். அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவன் முதலாளிக்குப் போன் போட்டான்.

முதலாளி வந்தார். குனிந்து மூன்று ஓட்டையையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் விரலை விட்டுப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது போலக் கத்தவில்லை.

"ஓடாவி கால்ல விழு. நாலாவது ஓட்டையப் பத்திப் பேசாத. இந்த மூணையும் அவரு அடைச்சிருவாரு. சாயங்காலம் சாவி ஒனக்கு."

இப்போதும் அதை நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த இடத்தில் அது பெரிய மனதுதான். கால்களும் பக்கத்தில்தான் இருந்தன, சீவல் ஒட்டிய கால்கள். விழுந்திருந்தால் வண்டி என்னுடையது. பிறகு எங்காவது ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி ஓட்டை போட்டுக்கொண்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அது எனக்கு அப்போதே தோன்றவும் செய்தது.

நான் சொன்னது இது:

"ஒங்கப்பா தோணி எப்பிடி முங்கிச்சுன்னு இப்பம்தான் தெரியுது, மொதலாளி. ஒருத்தனும் ஓட்டை போட்டிருக்க மாட்டான். தோணியக் கெட்டுனதே இவருதான?"

பிடித்திருந்தவர்கள் கையை விட்டுவிட்டார்கள். அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. ஓடாவி எழுந்து மூன்று மரமுளை சீவினார். பஞ்சைச் சுற்றி ஒவ்வொன்றாக உள்ளே அடித்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தார். முதலாளி என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"அந்தச் சீட்டுல நாய் ஏறுனாலும் ஏறட்டும். இவன் ஏறக்கூடாது. இவன வெளிய போகச் சொல்லு."

வெளியே வந்தேன். துறைமுகத்துப் பக்கம் போக மனமில்லை, வடக்கே திரும்பினேன். வைப்பாறு வரை நடந்தேன். அதற்கு மேல் கால் ஒத்துழைக்கவில்லை, பஸ் ஏறினேன். வேம்பாரில் இறங்கியபோது பாதத்தில் தோல் உரிந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் துண்டை விரித்துப் படுத்தேன்.

காலையில் டீக்கடைக்கு எதிரே பழைய உப்பு லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கிளீனர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டான் என்று கடைக்காரரிடம் திட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, வண்டி வேல தெரியுமா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"தார்ப்பாய் கெட்டுவேன். டயர் மாத்துவேன். பின்னால நின்னு ரிவர்ஸ் சொல்லுவேன்."

"இந்த வயசுல கிளீனரா வாரியளா? பொறவு பாதில எறங்கி ஓடக்கூடாது."

"வாரேன்."

சட்டைப்பையில் ஹெவி லைசென்ஸ் இருந்தது. சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பான், பிறகு கதை கேட்டிருப்பான். எனக்குக் கதை சொல்ல இஷ்டமில்லை. இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறினேன். அவன் சீட்டைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

உப்பளத்து வரப்பு ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி. லோடு ஏற்றும் இடம்வரை பின்னோக்கியே போக வேண்டும். இறங்கிப் பின்னால் போய் நின்றேன். அவன் அவசரக்காரன். எடுத்ததுமே ஸ்டியரிங்கை ஒரு சுற்று அதிகம் ஒடித்தான், பின்சக்கரம் வரப்பின் விளிம்புக்கு வந்து மண் சரிந்தது. லாரியின் பின்பலகையைக் கையால் ஓங்கி அறைந்தேன்.

"நிறுத்து. ரைட்ல ஒடி. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங், நேரா வா... வரலாம்... வரலாம்."