நிறைமாதத்து நிபுணர்கள்

எட்டாம் மாதம் தொடங்கியதும் என் வயிறு பொதுச் சொத்தாகிவிட்டது. அதுவரை தலையாட்டிவிட்டுப் போனவர்கள்கூட நின்று, மேலும் கீழும் பார்த்து, அபிப்பிராயம் சொன்னார்கள். வயிறு கூர்மையாக இருக்கிறது, பையன்தான் என்றாள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் முதல் வீட்டுக்காரி. அகலமாக இருக்கிறது, பெண்தான் என்றாள் கடைசி வீட்டுக்காரி. இடையில் இருந்த வீடுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. லயத்துத் தண்ணீர்க் குழாய் உடைந்து மாதக்கணக்காகிறது. அதைப் பற்றி மட்டும் யாருக்கும் கருத்தே இல்லை.

அப்போது நான் பசறையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் நின்றபடி வளைவுகளைக் கடந்தால் பிள்ளையின் தலை நன்றாக இறங்கும் என்று எனக்கு விளக்கினார் ஒரு மனிதர். அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து இடம் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன கெடுதல் வரும் என்று அவர் சொல்லவில்லை.

கிளினிக்கில் எனக்கென்று தந்த சத்துமாவை வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் உருண்டை பிடித்துத் தின்றார்கள். நான் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிரமமாகுமாம். என் நன்மைக்காக அவ்வளவு பேர் வயிற்றை நிரப்பிக்கொண்டதை நினைத்தால் இன்றும் மெய்சிலிர்க்கிறது.

இந்த நிபுணர்களுக்கெல்லாம் தலைவி என் மாமியார். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை; அவர் போனில்தான் குடும்பம் நடத்தினார். வீட்டில் மாமியும் நானும் மட்டும். மாமியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் இருந்தது. பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கையைத் தூக்கித் துணி காயப்போடக் கூடாது. மாமி மட்டும் தன் காலத்தில் நிறைமாதம் வரை மலையில் ஏறிக் கொழுந்து பறித்தவர். அதை நான் ஞாபகப்படுத்தினால், "அது வேற" என்பார்.

எல்லாவற்றையும்விடக் கடுமையான சட்டம் ஒன்று உண்டு. பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணிகூட வாங்கக் கூடாது. துணிக்கடையில் வேலை செய்கிறவளுக்கு இந்தச் சட்டம். ஆசை தாங்காமல் ஒரு குட்டிச் சட்டை வாங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். மாமி அதைக் கண்டுபிடித்து, பஸ் ஏறிப் போய், என் கடையிலேயே, என் முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

இத்தனை பேருக்கு நடுவில், இதற்கென்றே படித்தவர் கிளினிக்கின் மருத்துவிச்சி மிஸ் ஒருவர்தான். அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம். "கடைசி மாசத்துல புள்ள ஆட்டம் கொறையக் கூடாதும்மா. கொறைஞ்சா காத்துக்கிட்டு இருக்காதீங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். காலைத் தேத்தண்ணீர் உள்ளே போனதும் விலாவில் ஒரு உதை விழுவது வழக்கம். அன்று விழவில்லை. சீனி கூடப் போட்டு இன்னொரு கோப்பை குடித்தேன். இடது பக்கம் சரிந்து படுத்துப் பார்த்தேன். வயிறு கல்லாக இருந்தது. வீடு நிறைய ஆட்கள்; அதனால் கொஞ்ச நேரம் பொறுத்தேன். அதற்குள் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

கன்னத்தில் சந்தனம் பூசிய முதல் வீட்டுக்காரியிடம் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, புள்ள காலையிலருந்து ஆடல."

"உள்ள எடமில்ல புள்ள. கடைசி மாசம் அப்புடித்தான் தூங்கும். ஆம்பளப் புள்ள, சோம்பேறியாத்தான் இருக்கும்."

"பொம்பளப் புள்ளதான் அடக்கமா இருக்கும்" என்றாள் கடைசி வீட்டுக்காரி. "வளையல் சத்தத்துக்கு முழிச்சிக்கும், பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொல்லி எழுந்தேன். தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார்கள். நல்ல நேரத்தில் தொடங்கிய சடங்கு, ஒவ்வொருவரும் என்னோடு செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் ராகு காலத்துக்குள் போயிருந்தது. சடங்குக்கு அது பரவாயில்லையாம். வாசல் தாண்டத்தான் கூடாதாம்.

அப்போது மாமி புளிச்சோற்றுச் சட்டியோடு அடுப்படியிலிருந்து வந்தார். சட்டம் போடுகிறவரிடமே போய் மனுக் கொடுப்பதா என்றிருந்தது. வேறு வழியில்லாமல், "மாமி, புள்ள ஆடல" என்றேன்.

மாமி சட்டியைத் தரையில் வைத்தார். என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"எப்பருந்து?"

"காலையிலருந்து."

"எழும்பு."

"ராகு காலம் முடியட்டுமே, அக்கா" என்றார்கள். மாமி யாரையும் பார்க்கவில்லை. "வழிய விடுங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார். முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தார்.

பதுளை ஆஸ்பத்திரி வரைக்கும் நான் அழுதேன். வாய் ஓயாத அந்த மனுஷியிடமிருந்து ஆறுதலாக ஒரு சொல் வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் வயிற்றைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கருவியை வயிற்றில் வைத்து இங்கும் அங்கும் நகர்த்தினார். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் பிந்திவிட்டவர்கள் ஓடுகிற மாதிரி தடதடவென்று ஒரு சத்தம் வந்தது. துடிப்பு இருக்கிறது, ஆனால் இனிக் காத்திருக்க முடியாது என்றார் டாக்டர். அன்று பொழுது சாயும் முன்னே மகளை வெளியே எடுத்துவிட்டார்கள். அவள் வீறிட்டு அழுத அழுகையைக் கேட்டு நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கட்சியும் ஒன்றாகப் பிள்ளை பார்க்க வந்தன. வளையல் சத்தத்துக்குத்தான் பிள்ளை முழித்துக்கொண்டது என்று முடிவு செய்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? போகும்போது ஒருத்தி மாமியிடம், "ஆனாலும் ராகு காலத்துல எறங்கிட்டீங்களே அக்கா, நல்ல வேள ஒண்ணும் ஆகல" என்றாள்.

அவர்கள் போன பிறகு, மாமி காய்ந்த பிள்ளைத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"மூத்தது ஆடாமப் போனப்ப, ராகு காலம் முடியட்டும்னு நானே உக்காந்திருந்தேன்."

என் கணவர்தான் மூத்தவர் என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.