மாமாவின் கத்தரியும் அத்தையின் கணக்கும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விவாகரத்து வாங்கியவர் என் அத்தை. பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ராயபுரத்தில் பலரும் அதை வெட்கக்கேடு என்று பேசினார்கள். பத்து வயதாகியிருந்த எனக்கோ அது பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியது போலத்தான் பட்டது. தெருப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லப் போய், அம்மாவிடம் முதுகில் நன்றாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவர் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிற விஷயம் என் காதுக்கு எட்டாமல் பெரியவர்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே எட்டிவிட்டது என்பது வேறு கதை. கோர்ட்டில் பிரித்துவிட்டார்கள். மாதாமாதம் ஜீவனாம்சம் எவ்வளவு என்பது மட்டும் பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசி ஒரு தொகையோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மாமா நாற்பது ரூபாய் என்றார். கம்பெனி நொடித்துப்போய்க் கிடக்கிறது, வாரத்துக்கு நூறு டஜன் பனியன் தைப்பதே பெரும்பாடு என்று சொல்லி, கணக்கு நோட்டையும் கொடுத்தனுப்பினார். இரண்டு வருடக் கணக்கு எழுதிய அந்த நோட்டில் ஒரு தாள்கூடக் கசங்கவில்லை. எங்கள் வக்கீல் அதைப் புரட்டிவிட்டு, “வருமானமே இவ்வளவுதான்னு காட்டியிருக்காங்கம்மா. அறுபது கேட்டுப் பார்க்கலாம்” என்றார்.

அறுபது போதாது. அத்தைக்குத் தனியாக ஒரு வீடு பிடித்துப் போய்விட வேண்டும். என் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அத்தைக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் மகன் வளர்வதை அத்தை விரும்பவில்லை.

“ரெண்டு மாசம் தவணை மட்டும் வாங்கிக் குடுங்க. அவரு வருமானத்த நானே கணக்குப் போட்டுத் தர்றனுங்க” என்றார். வக்கீல் சிரித்தார். அஞ்சாம் வகுப்போடு நின்ற பெண் போடப் போகிற கணக்கை நினைத்துச் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அத்தை அவரைக்காயை உரிக்கிற சாக்கில் வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். நானும் கூட உட்காருவேன். வேஸ்ட் வாங்குகிற பாய் அந்த நேரத்தில்தான் மாட்டு வண்டியில் எங்கள் தெரு வழியாகப் போவார். பனியன் வெட்டும்போது கை, கழுத்துப் பக்கம் விழுகிற துண்டுத் துணிக்கு எங்கள் ஊரில் வேஸ்ட் என்று பெயர். கம்பெனிக்காரர்கள் அதை வாரம் முழுக்கச் சேர்த்து மூட்டை கட்டி விற்பார்கள். எந்த மூட்டை யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு அடையாளம் உண்டு. மாமாவின் மூட்டைகளுக்குச் சிவப்புக் கயிறு. ஐந்து வருடம் அந்தக் கயிற்றைக் கட்டியவரே அத்தைதான். வண்டி தாண்டியதும் “நாலு” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பாயும் எங்கள் வாசலுக்கு நேராக வரும்போது மாட்டைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓட்டினார்.

வருமானத்தை மறைக்க நினைக்கிற கம்பெனிக்காரர் நூல் வாங்கிய சீட்டை மறைப்பார், சரக்கு போன சீட்டை மறைப்பார். வேஸ்ட்டை மறைக்க யாருக்கும் தோன்றாது. குப்பைதானே என்று பட்டப்பகலில் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மாமாவும் அப்படியே செய்தார்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் வக்கீல் வீட்டில் கூடினார்கள். அந்தப் பக்கம் மாமா, அவருடைய அண்ணன், அவர்களுடைய வக்கீல். இந்தப் பக்கம் அப்பா, அத்தை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான்.

அத்தை மாமாவின் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். “ஏனுங்க, ஒரு டஜன் பனியன் வெட்டுனா எவ்வளவு வேஸ்ட் விழுகுமுங்க?”

“கால் கிலோ விழுகும்” என்றார் அவர், எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல்.

“ஒரு மூட்டைக்கு எத்தன கிலோ கட்டுவீங்க?”

“இருவத்தஞ்சு.”

“அப்ப ஒரு மூட்டைன்னா நூறு டஜனுங்க. எட்டு வாரமா எண்ணிட்டு வர்றனுங்க. ஒரு வாரமும் நாலு மூட்டைக்குக் குறையலீங்க.”

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் மாமாவின் வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. “கட்டிங் சரியில்லாத கம்பெனியில வேஸ்ட் நாலு மடங்கு போகத்தான் செய்யும். அதனாலதானே கம்பெனியே நொடிச்சுப்போச்சு” என்றார். எங்கள் வக்கீல் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அத்தை நிதானமாகச் சொன்னார். “அப்படிச் சொல்லாதீங்க சாமி. கத்தரி புடிச்சா இந்த ஊர்ல அவருக்கு மேல ஆளில்லீங்க. அஞ்சு வருசம் பக்கத்துல இருந்து பாத்தவ நானு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்குத் துரோகம் செய்த மனுஷனுக்கு, அதுவும் காரியம் கெட்டுப்போகிற நேரத்தில், யாராவது நற்சான்று கொடுப்பார்களா?

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தினார். அவருடைய வக்கீல் அவர் தொடையை அழுத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை.

“ஏனுங்க வக்கீலய்யா, யாரு கட்டிங் சரியில்லைங்கறீங்க? எங்கண்ணன் சொன்னாப்பல கால் கிலோகூட எங்கிட்ட விழுகாதுங்க. டஜனுக்கு இருநூறு கிராமுக்கு மேல போச்சுன்னா நான் கத்தரியையே கீழ வெச்சர்றனுங்க.”

எங்கள் வக்கீல் பேனாவைத் திறந்தார். இருநூறு கிராம் என்றால், நாலு மூட்டைக்கு நானூறு இல்லை, ஐநூறு டஜன். அத்தை போட்ட கணக்குக்கு மேல் நூறு டஜனை மாமாவே தன் வாயால் கூட்டிக் கொடுத்திருந்தார். மாதம் நூற்றைம்பது ரூபாய் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே அத்தை அதே ராயபுரத்தில் தனி வீடு பார்த்துப் போனார். அஞ்சாம் வகுப்புக் கணக்கு வக்கீல் கணக்கை ஜெயித்துவிட்டது என்று நான் பல வருடம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கும் அந்தப் பெருமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நான் அத்தையின் கையைப் பிடிக்காமல் விலகியே நடந்தேன். அவரை எதற்குப் புகழ்ந்தீர்கள் என்று கேட்டேன். மாமா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் பிழைத்தோம், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றும் கேட்டேன்.

“நல்லா வெட்டறவர வேற எப்படிச் சொல்றது கண்ணு?” என்றார் அத்தை.

அசட்டுத்தனம் என்றுதான் அன்று நினைத்தேன். எனக்கும் கல்யாணமாகி, ஒரு மனுஷனோடு வருடக்கணக்கில் வாழ்ந்த பிறகுதான் விளங்கியது. பணத்துக்காக மாமா எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வார், தன் கைவேலையைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார் என்பது அந்த அறையில் அத்தை ஒருவருக்குத்தான் தெரியும். முதல் சனிக்கிழமை வாசல்படியில் உட்கார்ந்தபோதே அந்த வார்த்தையை அவர் தயாராக வைத்திருந்திருப்பார். அப்படித் தயாராக வைத்திருந்து சொன்னாலும் அதை மனதாரத்தான் சொன்னார் என்பது, பத்து வயதில் எனக்கு எப்படிப் புரியும்?