மெஸ் அடுப்புச் சாம்பலும் வெண்ணெய் நிறத் தட்டுகளும்

1. கில்ன் திறந்த காலை

கில்ன் கதவை ஒரு விரற்கடை திறந்து டார்ச் அடித்துப் பார்த்த ஏழுமலை அண்ணன், திரும்பவும் சாத்திவிட்டார். என்னிடம், “மேடம் டீ குடிச்சிட்டாங்களா?” என்று கேட்டார்.

“குடிச்சிட்டாங்கண்ணா.”

“அப்ப கூப்பிடு. இதைப் பாத்த பின்னாடி குடிக்க மாட்டாங்க.”

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் மேடம் நடத்திய சின்ன பாட்டரி ஸ்டுடியோ அது. மேடம் சக்கரத்தில் தட்டும் கோப்பையும் செய்வார். ஏழுமலை அண்ணன் கில்ன், அதாவது தட்டு சுடும் சூளை, எரிப்பார். எனக்குக் கிளேஸ் அறை. கிளேஸ் என்பது தட்டின் மேல் கண்ணாடிபோல் உருகிப் படிகிற பூச்சு. கல் பவுடர்களை எடைபோட்டு, தண்ணீரில் கலக்கி, சலித்து, தட்டை அதில் முக்கி எடுப்பது என் வேலை. பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசு என்றால் ஓடி ஒளிந்துகொள்வேன். அந்த அறையில் யாரிடமும் பேச வேண்டியதில்லை. பக்கெட்டுகளும் நானும்தான். அதனாலேயே அந்த வேலையை உயிராக நினைத்தேன்.

அன்று கில்னில் இருந்த தட்டுகளின் கிளேஸ் எல்லாம் வழிந்து ஷெல்ஃபோடு ஒட்டிக் கிடந்தது. உளி வைத்துத் தட்டினால் தட்டுதான் உடைந்தது. எடை சரி, சூடும் சரி. மாறியிருந்தது ஃபெல்ஸ்பார் மூட்டை ஒன்றுதான். கிளேஸில் பாதி போகிற வெள்ளைக் கல் பவுடர் அது. மேடம் சப்ளையருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

“அந்த குவாரி மூடிட்டாங்கம்மா. இது வேற ஊரு கல்லு.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“வெள்ளையாத்தானேம்மா இருக்குது?”

ஆசிரமம் பக்கத்தில் இருந்த ஒரு கஃபே எங்களிடம்தான் தட்டு வாங்கும். எங்களுடைய வெண்ணெய் நிறக் கிளேஸ்தான் அவர்களுக்கு வேண்டும். புதுக் கிளைக்காகப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பழைய தட்டையும் புதுத் தட்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியக்கூடாது. இந்த ஆர்டர் போனால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான் என்று மேடம் எங்கள் இருவரிடமும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன்.

2. கண்ட கல்லையும் உருக்கியது

வேறு சப்ளையர்களிடம் சாம்பிள் வாங்கினோம். ஒன்று நீலம் பாய்ந்தது. ஒன்று பாளம் பாளமாக வெடித்தது. அப்புறம்தான் ஊருக்குள்ளேயே மாற்றுத் தேடலாம் என்று மேடம் முடிவு செய்தார்.

கோலமாவும் கல்லை அரைத்த மாவுதானே என்று நானும் ஏழுமலை அண்ணனும் வாங்கப் போனோம். மாவு வண்டிக்காரர் என் முக்காட்டைப் பார்த்தார், கேட்ட மூட்டைக் கணக்கையும் பார்த்தார்.

“என்னங்க பாயம்மா, மார்கழிக்கு இன்னும் நாள் இருக்குதே. உங்க தெரு பூரா கோலம் போடப் போறீங்களா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“ஏன், போட்டா உனக்கு யாவாரம்தானே. எடையைப் பாருய்யா,” என்றார் ஏழுமலை அண்ணன்.

அந்த மாவு மூட்டைக்கு மூட்டை வேறு மாதிரி உருகியது. கிடைத்த கல்லையெல்லாம் சேர்த்து அரைப்பார்கள்போல. அடுத்து, கல் அறுக்கும் பட்டறையில் பிளேடுக்குக் கீழே தேங்கும் சேற்றை அள்ளி வந்து காயவைத்துச் சலித்தோம். கருங்கல் தூள். அதில் ஃபெல்ஸ்பாரும் உண்டு, கொஞ்சம் இரும்பும் உண்டு, நிறம் வரும் என்றார் மேடம். நிறம் வந்தது. ஆனால் உருகவில்லை. தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைக் கீறியது. கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில்லிலிருந்து உமிச் சாம்பல் கொண்டு வந்து கலந்தோம். அது இன்னும் இறுக்கிவிட்டது.

எங்களிடம் இருந்தது ஒரே பெரிய கில்ன். கிளேஸ் பூசிப் பார்க்கிற விரல் நீள டெஸ்ட் டைலைச் சுடவும் கில்ன் நிறைய ஒரு முழு லோடு சேர வேண்டும். அது வரை காத்திருந்து, சுட்டு, ஆறவைத்து, திறந்து பார்த்தால் மறுபடியும் சொரசொரப்பு. டைலுக்குப் பின்னால் நம்பர் எழுதும்போதே இதுவும் வராது என்று கை சொல்ல ஆரம்பித்துவிட்டது. மேடம் சக்கரத்தில் உட்கார்வதே கம்மியாகிவிட்டது.

3. கௌரி அக்கா அடுப்பு

ஸ்டுடியோவுக்கு எதிரே கௌரி அக்கா மெஸ் வைத்திருந்தார். அந்த வரிசையில் சவுக்கு விறகில் சமைத்தது அவர் மட்டும்தான். விறகுச் சாம்பல் கல்லை உருக வைக்கும் என்று மேடம் சொல்லியிருந்ததால் சாம்பல் கேட்டேன்.

“பாத்திரம் தேய்க்கவா நூரு?”

“தட்டுக்குப் பூசக்கா.”

“சாம்பலைப் பூசி அதுல சோறு போடுவாங்களா? காசு இருக்கறவங்க என்னா வேணா பண்ணுவாங்க. அள்ளிக்கோ.”

கருங்கல் தூளோடு அந்தச் சாம்பலைச் சலித்துக் கலந்தேன். கழுவவில்லை. கழுவினால் உருக்குகிற சத்து கம்மியாகும் என்பது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். டைல் வெளியே வந்தபோது ஏழுமலை அண்ணன் அதைப் பழைய தட்டின் மேல் வைத்துவிட்டு, “எது டைல்னு சொல்லு பாப்போம்” என்றார். மேடம் அழுதுவிட்டார்.

நான் ரோட்டைத் தாண்டி மெஸ்ஸுக்கு ஓடினேன். சாப்பாட்டு நேரம், பெஞ்செல்லாம் ஆட்கள். அத்தனை பேர் முன்னால், “அக்கா, உங்க அடுப்புச் சாம்பல் தங்கம்க்கா. இந்த ஊர்லயே இப்பிடி அடுப்பு கிடையாது” என்றேன். நானா அப்படிப் பேசினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அக்கா சிரித்தார். அன்றிலிருந்து சாம்பலை யாருக்கும் கொடுக்காமல் எங்களுக்காகவே தகர டின்னில் சேர்த்து வைத்தார்.

4. அந்த லோடு

மேடம் தட்டுகளைச் செய்து முடிக்கவும் டின்கள் நிறையவும் சரியாக இருந்தது. புதுச் சாம்பலை ஒரு டைலில் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தது. கஃபேக்காரர் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. அதே அடுப்பு, அதே விறகு, என்ன மாறப்போகிறது என்று மூன்று பேருமே நினைத்தோம்.

முக்கிக் காயவைத்த தட்டுகளின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. துடைத்தோம். மறுபடியும் பூத்தது. காற்றில் ஈரம் ஜாஸ்தி என்றார் ஏழுமலை அண்ணன்.

கில்ன் திறந்த அன்று அவர் டீ பற்றிக் கேட்கவில்லை. கதவை முழுதாகத் திறந்துவிட்டு விலகி நின்றார். விளிம்பெல்லாம் கொப்புளம். நடுவில் கிளேஸ் குளமாகத் தேங்கி நுரைத்து இறுகியிருந்தது. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தேறுமா என்று ஷெல்ஃப் ஷெல்ஃபாக மேடம் தேடினார். பிறகு வாசலுக்குப் போய்க் கஃபேக்காரருக்குப் போன் செய்தார். “இல்ல சார், இனிமே டைம் கேக்க மாட்டேன்” என்பது மட்டும் காதில் விழுந்தது.

5. படபடவென்று வெடித்தது

சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போனேன். விறகை மாற்றினீர்களா என்று கேட்கத்தான் போனேன். கேட்காமல் அடுப்பு ஓரமாக நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

“என்னாச்சு நூரு? மூஞ்சே செத்துப் போச்சு.”

“தட்டெல்லாம் போச்சுக்கா.”

“எனக்குத் தெரியும். நல்லா வருதுனு ஊருக்கே தெரிஞ்சா சும்மா இருப்பாங்களா? உக்காரு இப்பிடி, அடுப்பைப் பாத்து.”

உட்கார்ந்தேன். கை நிறையக் கல்லுப்பு எடுத்து என் தலையை மூன்று முறை சுற்றி அடுப்புக்குள் எறிந்தார். படபடவென்று வெடித்தது.

“பாத்தியா, எவ்ளோ கண்ணு.”

எங்கள் வீட்டிலும் திருஷ்டி கழிப்பார்கள், நசர் என்போம். ஆனால் எங்களுடையது காஸ் அடுப்பு. உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிடுவோம்.

“அக்கா, இதை எப்பவும் அடுப்புலதான் போடுவீங்களா?”

“முன்னெல்லாம் அமாவாசைக்கு வாசல்ல பூசணிக்கா உடைக்கிறதோட சரி. அன்னிக்கு நீ அத்தன பேரு முன்னாடி இந்த அடுப்பு மாதிரி ஊர்லயே இல்லனு சொல்லிட்டுப் போன பாரு, அதுக்கப்புறம் ரெண்டு நாளு ஒரே புகை, எரியவே இல்ல. உன் கண்ணுனு சொல்லலம்மா, கேட்டவங்க கண்ணு. அதுல இருந்து அடுப்பைச் சுத்தி தினம் ஒரு கை உப்பு. உங்களுக்குத்தானே சாம்பல் போகுது, கெட்டுப் போகக்கூடாதுல்ல.”

நெருப்பில் மிச்ச உப்பு வெடித்துக்கொண்டிருந்தது. சாம்பலோடு வந்த அந்த உப்புதான் தட்டு விளிம்பில் பூத்தது, அதுதான் கில்னில் கொதித்தது. அக்காவிடம் நான் சொல்லவில்லை. “போதும்க்கா” என்றேன். இன்னொரு கை எடுத்துக்கொண்டிருந்தார்.

6. இளையவர்களுக்கு

மேடத்திடம் சொன்னேன். “யாரையும் திட்டக்கூட முடியல பாரு” என்றார். மறுபடி ஒரு லோடு போட அவரிடம் தெம்பும் இல்லை, ஆர்டரும் இல்லை. கஃபேயில் இப்போது மெஷின் தட்டு. ஸ்டுடியோ இருந்த இடத்தில் யோகா சொல்லித்தருகிறார்கள். ஏழுமலை அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு அப்படி ஓர் அறை திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நினைப்பதையும் விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மாற்றுப் பொருள் கிடைத்துவிட்டால் டைலை மட்டும் பார்க்காதீர்கள். மூட்டை மாறினால், டின் மாறினால், மறுபடியும் சுட்டுப் பாருங்கள். சாம்பலைக் கழுவுங்கள். கொடுப்பவரிடம் போய், இதில் வேறென்ன போடுகிறீர்கள், எதற்காகப் போடுகிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நம்மை வாழவைக்க நினைத்தும் ஒரு கை போடுவார்கள்.