பின்வாசல் வழியாக ஏரிக்கு

ஒன்பதாம் நம்பர் பஸ் டிரைவருக்கு அந்தப் பூங்காவின் வாசல் அத்துப்படி. இருபத்தாறு வருடங்களாக, நாளுக்கு ஆறு தடவை, அங்கே வண்டியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார். அதுதான் கடைசி ஸ்டாப். எட்டு நிமிடம் நிற்கும். அந்த எட்டு நிமிடத்தில் கண்ணாடியைத் துடைப்பார், பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் குடிப்பார், யாராவது குடையை விட்டுப் போயிருக்கிறார்களா என்று பின்சீட் வரை போய்ப் பார்ப்பார். வாசலுக்கு அந்தப் பக்கம் ஒன்பது கிலோமீட்டர் நடைபாதையும் ஒரு மலைமுகடும் ஏரியும் இருக்கின்றன என்பது பயணிகள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். உள்ளே போனதே இல்லையா என்று யாராவது கேட்டால், "லீவு நாள்லயும் நம்ம ஸ்டாப்புலயே போய் இறங்கறதா?" என்று திருப்பிக் கேட்பார்.

உள்ளே போகிற வழக்கம் அவர் மனைவிக்குத்தான் இருந்தது. நர்சரிப் பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன் இவர் பஸ்ஸில் பயணியாக வந்தவர். "டீச்சர், படியில பாத்து இறங்குங்க" என்று அப்போது ஆரம்பித்தது, இருபத்திரண்டு வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் வீட்டில் டீச்சர் என்றே நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் அவரும் இவரை "டிரைவர் சார்" என்பார். கோபம் போய்விட்டது என்பதை "என்னங்க" திரும்பி வருவதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வருடத்தில் ஒரு நாள், இலைகள் நிறம் மாறிக் கொட்டத் தொடங்கும் வாரத்தில், டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு எட்டு பத்து வண்டியில் ஏறுவார். நாள் முழுக்கத் தனியாக நடந்துவிட்டு நாலு இருபது வண்டியில் திரும்புவார். தோழிகள் கூட வருகிறேன் என்றாலும் பிடி கொடுக்கமாட்டார். "வருஷம் பூரா இருபத்தஞ்சு பிள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் இழுக்குதுங்க. ஒரு நாள் யாரும் என்னைக் கூப்பிடாத இடத்துல இருந்துட்டு வரேனே" என்பார். திரும்பி வரும்போது முகம் கழுவிவிட்டாற்போல இருக்கும். டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்.

இந்த வருடம் கோடையில் டீச்சரின் வலது முழங்காலை மாற்றினார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. நடக்க நடக்கத்தான் சரியாகும், தினம் இரண்டு கிலோமீட்டராவது நடக்க வேண்டும், படிக்கட்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். டீச்சரோ கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து ஜன்னல் என்று எல்லை வகுத்துக்கொண்டுவிட்டார். சக டீச்சரின் காரில் பள்ளிக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்திவிட்டு, அதே காரில் திரும்பினார். கைத்தடி கதவுக் கைப்பிடியில் தொங்கியது.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட இந்த வருஷம் அந்த லீவு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எந்த லீவு?"

"அந்த லீவுதான். முகட்டுக்கு இருநூத்திப் பன்னெண்டு படி. அதைத் தாண்டினாத்தான் ஏரி. இனிமே அந்த வழியெல்லாம் எனக்கில்ல."

அவர் அழுதிருந்தால் டிரைவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். தட்டை வழித்துக்கொண்டே அல்லவா சொன்னார். கால் குணமாகிவிட்டது, ஆள் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் டெப்போவில் லீவு எழுதிக் கொடுத்தார். படியே இல்லாமல் ஏரிக்குப் போக ஏதாவது வழி உண்டா என்று நேரில் பார்த்துவிட வேண்டியதுதான்.

"நீங்களா? நடக்கப் போறீங்களா?" டீச்சர் பத்து நாளில் முதல் தடவையாக ஒரு பக்கமாகச் சிரித்தார். "தெருமுனைக் கடைக்கே வண்டியை எடுக்கற ஆளு."

"சும்மா பாத்துட்டு வரேன்."

"போங்க போங்க. படி இல்லாத மலையைக் கண்டுபிடிச்சா சொல்லியனுப்புங்க, டிரைவர் சார்."

செவ்வாய்க்கிழமை எட்டு பத்து வண்டியில் பயணியாக ஏறிப் போனார். ரொட்டி, அவித்த முட்டை இரண்டு, பிளாஸ்க், சட்டைப்பையில் ஓர் அட்டை. அட்டையில் முந்தைய நாள் அவரே கோடு போட்டு எழுதிய கால அட்டவணை: வாசல் 8.45, மரப்பாலம் 9.40, படிக்கட்டு அடி 10.30, முகடு 11.45, ஏரி 1.30, மறுபடி வாசல் 3.45. நேரம் எழுதாமல் ஓர் இடத்துக்குப் போவது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

வாசலிலிருந்து பாலம் வரை இறக்கம். கால்கள் தாமாகவே ஓடின. பாலத்துக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்பது இருபத்து மூன்று. பதினேழு நிமிடம் முன்னால் வந்துவிட்டார். பஸ் ஓட்டுகிறவனுக்குத் தாமதத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள். நேரத்துக்கு முன்னால் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பினால் மெமோதான். ஆகவே டிரைவர் பாலத்தின் ஓரமாக, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நின்றார். குளிர்ந்த காற்று காதுக்குள் புகுந்தது. நின்றார்.

பாலத்தின் மறுமுனையில் பூங்கா ஊழியர் ஒருத்தி, நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், நீளப் பற்கள் கொண்ட வாரியால் இலைகளை வாரிச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சாக்கு நிறைந்த பிறகும் இவர் நகராததைப் பார்த்துக் கேட்டாள்.

"யாராவது வரணுமா அண்ணே?"

"இல்லம்மா. ஒன்பது நாப்பதுக்குத்தான் எடுக்கணும்."

"எதை எடுக்கணும்?"

டிரைவர் அட்டையைக் காட்டினார். அவள் கையுறையைக் கழற்றி, அட்டையை வாங்கி, மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"பாலத்துல டிக்கெட் ஏறுவாங்களா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டிரைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது? முழங்கால், படிக்கட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்ட லீவு, எல்லாவற்றையும் சொன்னார்.

"படி ஏறாம ஏரிக்கா?" அவள் வாரியைக் கீழே ஊன்றினாள். "எங்க குப்பை வண்டி எப்படிப் போகுதுன்னு நெனச்சீங்க? ஏரிக்கரை இலையை எல்லாம் நான் தலையில வெச்சுக்கிட்டா படியிறங்கறேன்? பின்வாசல்லேருந்து வண்டிப்பாதை இருக்கு. ரெண்டு வருஷமா ஜனங்களுக்கும் திறந்து விட்டாச்சு. இந்தப் பக்கம் போர்டுல இன்னும் எழுதல, அவ்வளவுதான்."

"சமமா இருக்குமா?"

"எனக்குச் சமம்தான். காலு மாத்தினவங்களுக்கு எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாருங்க. ஆனா இந்த அட்டையைப் பாத்துக்கிட்டு நின்னீங்கன்னா பொழுது சாய்ஞ்சிடும்."

ஒன்பது நாற்பது வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பினார். பழக்கம்.

படிக்கட்டு அந்தப் பதினேழு நிமிடத்தையும் வட்டி போட்டு வாங்கிக்கொண்டது. இருபத்தாறு வருடங்கள் கிளட்சையும் பிரேக்கையும் மட்டும் மிதித்த கால்கள் எழுபதாவது படியில் முரண்டு பிடித்தன. நூற்று முப்பதில் கைப்பிடியை அணைத்துக்கொண்டு நின்றார். இதையா அவள் வருடா வருடம் ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து இரவுச் சமையலும் செய்தாள் என்று முதல் முறையாக யோசித்தார். யோசித்ததில் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மீதிப் படிகளை எண்ணாமலே ஏறினார்.

ஏரிக்கரையை அடைந்தபோது மணி இரண்டே கால். முக்கால் மணி தாமதம். நேராக முன்வாசலுக்கு வேகமாக நடந்தால் நாலு இருபது வண்டியைப் பிடித்துவிடலாம். அது அவருடைய சொந்த வண்டி. இன்று வேறொருவர் ஓட்டினாலும் அவருடையதுதான். பின்வாசல் வழியே போனால் பதினாலாம் நம்பர். அந்த வழித்தடத்தைப் பற்றி அவர் சாப்பாட்டு மேஜையில் பேசாத பேச்சில்லை. மணிக்கொரு தடவை வரும், அதுவும் மனசு வைத்தால் வரும் என்பார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பின்வாசல் பக்கம் திரும்பினார்.

தரையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி நடந்தார். தூரத்தை அவர் மீட்டரில் அளப்பதில்லை. பஸ்ஸின் நீளம் கண்ணிலேயே இருந்தது. இங்கிருந்து அந்தப் புதர் வரை ஒரு பஸ், அங்கிருந்து அந்தக் கல் வரை இன்னொன்று. பன்னிரண்டு பஸ்ஸுக்கு ஒரு பெஞ்ச் போட்டிருந்தார்கள். ஐந்தாவது பெஞ்சுக்கு முதுகில் சாய்மானம் இல்லை. எண்பதாவது பஸ்ஸில் ஒரு சரிவு வந்தது. ஏழு பஸ் நீளம், பஸ் என்றால் இரண்டாவது கியர் போட வேண்டிய இறக்கம், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி, தரையில் ஈர இலைகள்.

டிரைவர் அங்கேயே நின்றுவிட்டார். இந்த ஏழு பஸ்தான் விஷயம்.

ஒரு காய்ந்த கிளையை எடுத்து, டீச்சரின் கைத்தடி உயரத்துக்கு ஒடித்து, இடது கையில் பிடித்துக்கொண்டார். வலது காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நொண்டி இறங்கத் தொடங்கினார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபோது பக்கத்திலேயே நின்று கேட்டவர்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஆனாலும் பாதியில் குழம்பி, நல்ல காலை முதலில் வைத்துத் தடுமாறினார். மறுபடி மேலே போய் முதலிலிருந்து இறங்கினார். பிறகு ஏறிப் பார்த்தார். இன்னொரு தடவை இறங்கினார்.

எதிரே முதுகுப்பையுடன் ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து இவர் முழங்கையைப் பிடித்தாள்.

"கால்ல என்ன சார்? அடி பட்டுடுச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. ஆபரேஷன் என் மனைவிக்கு."

அவர்கள் சுற்றிலும் பார்த்தார்கள். மனைவி யாரும் தென்படவில்லை. "பாத்துப் போங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே ஏறிப் போனார்கள்.

நான்காவது தடவை இறங்கி முடித்த பிறகுதான் டிரைவருக்கு நம்பிக்கை வந்தது. அவளால் முடியும்.

பதினாலாம் நம்பர் சொன்ன நிமிடத்துக்கு வந்து நின்றது. அதுதான் அவருக்குச் சற்று வருத்தம். அதன் டிரைவர் டெப்போவில் தெரிந்தவர். இவர் படியேறுவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ஒன்பதாம் நம்பர் நம்ம வண்டியில ஏறுது? உலகம் அழியப்போகுதா?" என்றார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒப்பித்தார். நூற்றுப் பத்து பஸ் தூரம், ஒன்பது பெஞ்ச், ஐந்தாவதில் சாய்மானம் கிடையாது, சரிவில் ஏறும்போது கைப்பிடி இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம், இலை ஈரமாக இருந்தால் ஓரமாக நடக்கக் கூடாது. டீச்சர் பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு பஸ்ஸா?"

"ஏழு. நானே நாலு தடவை நொண்டிப் பாத்துட்டேன்."

"என்னது?"

விளக்கினார். எழுந்து காட்டவும் செய்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சரி, ஏரி எப்படி இருந்தது?"

"கரைக்கு ஒரு பஸ் முன்னாடியே கைப்பிடி..."

"ஏரியைக் கேக்கறேன். அக்கரையில மரமெல்லாம் சிவந்துடுச்சா? தண்ணியில தெரிஞ்சுதா?"

டிரைவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். ஏரிக்கரையில் தரைக்கல் எப்படிப் பதித்திருந்தது என்பது வரை ஞாபகம் இருந்தது.

"நான் கீழதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஏரி வரைக்கும் போயிட்டு மரத்தைப் பாக்கலையா?"

"மஞ்சளா ஏதோ இருந்தது."

டீச்சர் அவரையே பார்த்தார். கோபமா, அழுகையா என்று டிரைவருக்குப் பிடிபடவில்லை.

"மஞ்சளா இருந்துச்சுன்னா இன்னும் ஒரு வாரத்துல சிவந்துடும். அதுக்கப்புறம் ஒரு காத்து அடிச்சா மொத்தமும் தண்ணியில." போனுக்காகக் கை நீட்டினார். "ஹெட்மிஸ்ட்ரஸ் தூங்கப் போறதுக்குள்ள சொல்லணும். அதை எடுங்களேன். என்னங்க, உங்களைத்தான்."

அடுத்த செவ்வாயன்று இருவரும் பதினாலாம் நம்பரில் போனார்கள். இத்தனை வருடங்களில் இருவரும் எத்தனையோ நூறு தடவை ஒரே பஸ்ஸில் போயிருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் வலது கால் தரையை அழுத்தியது. மூன்றாவது வளைவில் டீச்சர் அவர் தொடையில் கை வைத்தார். "அவர் ஓட்டுவார், விடுங்க" என்றார்.

பின்வாசலில் இறங்கி முதல் பெஞ்ச் வரை சேர்ந்து நடந்தார்கள். அங்கே டீச்சர் நின்றார். கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கழுத்துத் துணியை இழுத்துக் கட்டினார்.

"நீங்க இங்க உக்காருங்க."

"சரிவு வரைக்கும் வரேன்."

"வேண்டாம். நான் தனியாப் போயிட்டு வரேன்."

ஈர இலை பற்றி இன்னொரு தடவை சொல்லலாம் என்று டிரைவருக்குத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்தார். டீச்சர் நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இரண்டாவது பெஞ்சைத் தொடாமலே தாண்டினார். வளைவில் நீலக் கழுத்துத் துணி ஒரு கணம் தெரிந்து, பிறகு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, நடந்து களைத்த ஒருவர் வந்து பெஞ்சின் மறுபாதியைக் காட்டினார்.

"இங்க யாராவது இருக்காங்களா?"

"ஆமாங்க" என்றார் டிரைவர். "ஏரி வரைக்கும் போயிருக்காங்க. வந்துடுவாங்க."