ஒன்பது பூஜை கண்ட எஞ்சின்

ஷார்ஜாவுக்குப் போனவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். நகரிக்காரர் கமலக்கண்ணன் பதினோரு வருஷ உழைப்புக்கு ஒரு பழைய ஜப்பான் கார் எஞ்சினைக் கப்பலில் ஏற்றி வந்தார். அதில் பிஸ்டன் கிடையாது. கூட்டுக்குள் ஒரு முக்கோண இரும்பு சுழலும், ரோட்டரி என்பார்கள். அங்கே அதைப் பிரித்துப் பூட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இங்கே ரேணிகுண்டா சாலையில் ஷெட் போட்டு, ஆட்டோவும் டாக்ஸியும் பழுது பார்த்தே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. "ஒரு நாள் இத வண்டியில பூட்டி திருமலைக்கு ஏத்திக் காட்றேன்" என்று அவர் சொல்லாத நாளில்லை. கேட்டுச் சிரிக்காதவள் மனைவி கன்னிகா ஒருத்திதான்.

இந்த வருஷம் வெதுருகுப்பத்தில் எஞ்சின் இல்லாத கார் ஒன்று அமைந்தது. ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எஞ்சினைப் பிரித்தார். உள்ளே எங்கு பார்த்தாலும் துரு.

துருவில் இரண்டு ரகம் உண்டு. எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போவது ஒன்று, இரும்பைத் தின்று குழியாக்கியது இன்னொன்று. இரும்பின் மேல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார். தடுக்கினால் அந்தப் பாகம் குப்பைக்கு. நடுத்தண்டு தப்பித்தது, மெருகு போட்டால் தேறும். பக்கத் தகடுகளில் நகம் வரிசையாகத் தடுக்கியது. முக்கோணத்தின் முனைகளில் இருந்த சீல்கள் நெம்பியதும் பிஸ்கட் மாதிரி உடைந்தன. கடைசியாகக் கூட்டின் உள்சுவர். அதன் குரோம் பூச்சு செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தது. வேறு கூடு தேடி அலைய அவருக்கு இனி ஷார்ஜாவும் இல்லை.

கப்பலில் உப்புக்காற்று பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். கூட்டின் அடியில் துருவைச் சுரண்டியபோது மஞ்சளாகக் கசடு வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாயில் அடைத்த பழந்துணியை எடுத்துவிட்டு, சாமிக்கு ஊற்றுவது போல மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவாள் கன்னிகா. பொட்டு வைத்துப் புதுத்துணி அடைப்பாள். அடுத்தவர் எஞ்சினுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போனாலும் டிரைவரின் ஏழு தலைமுறையைத் திட்டுகிற மனுஷன், தன் எஞ்சினுக்கு நடந்ததைக் கைகூப்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவும் ஒன்பது வருஷம்.

மதியம் சோறு கொண்டுவந்த கன்னிகா அவர் முகத்தைப் பார்த்தாள். "இன்னாங்க, இன்னா ஆச்சு?"

"கப்பல்ல வரசொல்ல உப்புக்காத்து பூந்துகீது. போச்சு."

"எல்லாமேவா?"

"தண்டு ஒண்ணுதான் தேறும்."

அவள் கூட்டைத் தடவிப் பார்த்து அழுதாள். "வருசம் தப்பாம கும்பிட்டுக்கினு இருந்தனே!"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்டைத் துடைத்தார். பதினோரு வருஷம் பாழாய்ப் போயிருக்கிறது, அவள் எதிரில் வாய்விட்டு அழக்கூட வழியில்லை. அழுதால் உண்மை வந்துவிடும்.

பூஜையன்று மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்தவள், திறந்து கிடந்த கூட்டின் முன் தயங்கி நின்றாள்.

"இதுக்கும் ஊத்தட்டுமாங்க?"

கமலக்கண்ணன் தேறிய அந்த ஒரு தண்டையும் எடுத்துவந்து கூட்டின் நடுவில் வைத்தார்.

"ஊத்து" என்றார்.