மயிலிட்டிக்குக் கொண்டுபோன பூனை

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த கந்தசஷ்டி நாட்களில், அரியாலையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தொரு வருடம் நில அளவையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யாருடைய காணி எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்று அளந்து சொல்வதுதான் என் தொழில். நான் கல் நாட்டிய எல்லையைப் பற்றி இன்றுவரை எவரும் வழக்குப் போட்டதில்லை.

எங்கள் பூனை மட்டும் எந்த எல்லையையும் மதித்ததில்லை. வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுக் கொண்ட பெட்டைப் பூனை. ஒரு மழை நாளில் தானாகக் குசினிக்குள் வந்து சேர்ந்தது. என் மனைவி சோறு வைத்தாள், அது நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் சாப்பிடுவதோடு இருந்திருந்தால் எனக்குக் கவலையில்லை. பின்வீட்டில் பொரித்த மீன் காணாமல் போனது. எதிர்வீட்டில் பால் ஏனம் கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் வாசல் படலையடியில் வந்து நின்று, "குறை நினையாதேங்கோ ஐயா" என்று தொடங்குவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். எங்கள் வயதில் அயலட்டைதான் பலம். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து இருக்கிறார்கள். விழுந்து கிடந்தால் ஓடி வருவது மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்தானே?

ஆதாரமில்லாமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. ஆகவே ஒரு கொப்பி எடுத்துப் பூனையின் போக்குவரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். பதினெட்டு நாட்களில் ஐம்பத்திரண்டு தடவை அது மதில் ஏறியது. அதில் நாற்பத்தொரு தடவை பக்கத்து வீட்டுக்கு.

பக்கத்து வீட்டில் இருந்தது ஓர் இளம் தம்பதி. திருமணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. அந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருப்பாள். எதற்காக என்று அவள் சொன்னதில்லை, ஒருவரும் கேட்டதுமில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் அந்த விரதம் கிடையாது. ஆனாலும் அந்த ஆறு நாளும் மீன் பொரிக்கும்போது என் மனைவி அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

நான்காம் நாள் காலை அந்தப் பெண்ணின் கணவன் படலைக்கு வந்தான்.

"குறை நினையாதேங்கோ ஐயா. உங்கடை பூனை சாமியறைக்குள்ளை ஒரு சூடை மீனைக் கொண்டந்து போட்டிட்டுது. இவ திரும்பத் தலை முழுகி, மஞ்சள் தண்ணியாலை அறை கழுவித்தான் விளக்கு வைச்சவ. ஒண்டும் கதைக்கேல்லை, அழுதுகொண்டிருக்கிறா. எனக்குத்தான் மனம் கேக்கேல்லை."

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது என்னை உலுக்கிவிட்டது. "தம்பி, இண்டையோடை இந்தப் பிரச்சினை முடிஞ்சுது" என்றேன். முடித்துக் காட்டுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தொல்லை கொடுக்கும் பூனையை ஒருவரும் அடித்துக் கொல்வதில்லை. உரப்பைக்குள் போட்டுக் கட்டி, வழி தெரியாதபடி தூர இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். மீன் கிடைக்கும் இடமாகப் பார்த்து விட்டால் பாவமும் இல்லை என்பது பொது எண்ணம். மனைவி பின்னேரம் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனதும், கருவாட்டுத் துண்டு காட்டிப் பூனையைப் பைக்குள் போட்டேன். போக வேண்டிய இடத்தை முன்பே தீர்மானித்திருந்தேன். மயிலிட்டி, வடக்குக் கடற்கரை மீன்பிடித் துறைமுகம். அரியாலையிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், இரண்டு பஸ். எந்தப் பூனையும் திரும்பி வராது.

இரண்டாவது பஸ்ஸில் பை கத்தத் தொடங்கியது.

"ஐயா, உதென்ன பைக்குள்ளை?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"பூனை."

"அதுக்கு டிக்கெட் எடுத்தனீங்களோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் இருக்கையில் இருந்த ஒரு பெண், "மயிலிட்டிக்கோ ஐயா? நல்ல இடம். நாங்களும் போன மாதம் எங்கடையை அங்கைதான் விட்டனாங்கள்" என்றாள். எனக்குத் தைரியம் வந்தது. சரியான முடிவு என்பதற்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டதே.

துறைமுகத்தில் மீன் கூறு வைத்து விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், நான் பையை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பூனை பாய்ந்து, ஐஸ் போட்டு மீன் அடுக்கும் றெஜிபோம் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்தது.

"உங்கடை ஊரிலை மீன் விக்கிறேல்லையோ ஐயா? எல்லாரும் பூனையை எங்களுக்கெல்லோ கொண்டந்து தாறியள்."

"இஞ்சை சாப்பாட்டுக்குக் குறைவில்லைத்தானே பிள்ளை. ரெண்டு நாளிலை பழகிடும்."

அவள் கத்தியைப் பலகையில் வைத்தாள். "பழகிடுமோ? எங்களையும் சண்டைக்காலத்திலை இந்த ஊராலை எழுப்பி வேறை இடத்திலை இருத்தினவை. சாப்பாடு தந்தவைதான். இருபத்தேழு வருசம் இருந்தனாங்கள், ஐயா. பழகேல்லை."

பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பூனைக்கும் மனிதருக்கும் என்ன ஒப்பீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பூனையின் சாப்பாட்டுக் கோப்பையோடு முற்றத்தில் நின்றாள். நடந்ததைச் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, அது பால் குடுக்கிற பூனையெல்லோ? குட்டியள் எங்கையோ கிடக்குது. எங்கை போட்டதெண்டு நானும் ரெண்டு கிழமையாத் தேடுறன்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னனான். நீங்கள் கொப்பியிலை எழுதிக்கொண்டிருந்தனீங்கள்."

நான் ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு குசினிக் கோடி, கிணற்றடி, வாழையடி எல்லாம் தேடினேன். ஒன்றுமில்லை. திரும்பி வந்து கொப்பியைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொரு தடவை பக்கத்து வீடு. நேரங்களையும் குறித்திருந்தேனே, அவற்றை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வாசித்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரங்களில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறது. களவெடுக்கிற மிருகம் அப்படி மணி பார்த்துப் போகாது. பசியில் அழும் பிள்ளையிடம் போகும் தாய்தான் அப்படிப் போவாள்.

மறுநாள் காலை அந்தப் பெண்ணே படலைக்கு வந்தாள். ஐந்தாம் நாள் விரதம். முகம் வெளிறிப்போயிருந்தது. பின்னால் கணவன் நின்றான்.

"ஐயா, பூனை எங்கை?"

கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. மிகுதியை அவள் சொன்னாள். சாமிப்படங்கள் வைத்த அலுமாரியின் அடித்தட்டில், பழைய பட்டுத்துணிகளுக்கு நடுவில் மூன்று குட்டிகள். கண் திறந்து தவழும் பருவம். அவர்களுடைய விறகுக் கொட்டிலில்தான் பூனை குட்டி போட்டிருக்கிறது. கொட்டில் மழைக்கு ஒழுகவே, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாகச் சாமியறைக்குள் குடி மாறியிருக்கிறது. அந்தச் சூடை மீனும் அங்கேயிருந்து தின்பதற்காகக் கொண்டுவந்ததுதான். விடிய விளக்கு வைக்கப் போனபோது சத்தம் கேட்டுக் கண்டிருக்கிறாள். விளக்குத் திரியைப் பாலில் தோய்த்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்திருக்கிறாள். அது விரதத்துக்கு அவள் குடிக்க வேண்டிய பால்.

"ரெண்டு குடிக்குதுகள். சின்னது வாய் திறக்குதில்லை" என்றாள்.

பூனையை எங்கே விட்டேன் என்று சொன்னேன். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், "நான் விடச் சொல்லேல்லையப்பா, சும்மா சொன்னனான்" என்று தடுமாறினான். அவள் அவனை விட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. தாயைப் பிரிச்சு, மூண்டு குட்டியள் என்ரை சாமிக்கு முன்னாலை கிடந்து செத்தால், நான் இருக்கிற விரதம் என்னத்துக்கு?"

ஒன்பது வருடமாக அவள் எவரிடமும் சொல்லாத ஒன்றை அந்தக் கேள்வியில் சொல்லிவிட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, "தம்பி, மோட்டார்சைக்கிளை எடும்" என்றேன்.

புறப்படும்போது அவள் ஒரு காட்போட் பெட்டியை என் மடியில் வைத்தாள். உள்ளே சின்னக் குட்டி.

"இதையும் கொண்டு போங்கோ."

"மழைக்குள்ளை உது தாங்காது, பிள்ளை."

"நீங்கள் கூப்பிட்டால் அது வராது, ஐயா. இது கூப்பிட்டால் வரும்."

வழி முழுக்கப் பெட்டியைக் குடைச் சீலையால் மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். சுன்னாகம் தாண்டியபோது குட்டியின் அசைவு நின்றது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். சூடு இருந்தது. அதன் பிறகு விரலை வெளியே எடுக்கவில்லை.

துறைமுகத்தில் அதே பெண் அதே இடத்தில் இருந்தாள். "என்னய்யா, இண்டைக்கு எத்தினை கொண்டந்தனீங்கள்?" என்றாள்.

திருப்பிக் கொண்டுபோக வந்திருக்கிறேன் என்றதும் கண்ணை விரித்தாள். "இவ்வளவு பூனையிலை, தேடி வந்த முதல் ஆள் நீங்கள்தான்!"

பதினாறு பூனைகளை எண்ணினேன். ஒன்பது வெள்ளையில் கறுப்பு.

"உங்கடைக்குத் திட்டு எந்தப் பக்கம்? இடமோ, வலமோ?" என்று கேட்டாள் அவள்.

எனக்குத் தெரியவில்லை. எத்தனை தடவை மதில் ஏறியது என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். மூன்று வருடம் என் வீட்டில் சாப்பிட்ட உயிரின் அடையாளம் தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், மனைவி வைத்த பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை. "ஏய்" என்றுதான் விரட்டியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி பெட்டியைத் திறந்தான். நான் குட்டியைக் கையில் எடுத்து, ஈரமில்லாத ஒரு பலகையில் வைத்தேன். அது கால்களை விரித்து, தலை ஆட, வாயைத் திறந்தது. முதலில் சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை நூல்போல ஒரு சத்தம் வந்தது. கரையில் அவ்வளவு இரைச்சல், இயந்திரங்கள், ஏலம் கூறுகிறவர்களின் குரல். அதற்குள் இது யாருக்குக் கேட்கப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

றெஜிபோம் பெட்டிகளுக்குள்ளிருந்து அது வந்தது. ஒரு காது நாய் கடித்துக் கிழிந்திருந்தது. பின்னங்கால் நொண்டியது. எங்களைக் கண்டு பயப்படவும் இல்லை, எங்களைக் கவனிக்கவும் இல்லை. நேரே பலகையில் ஏறிக் குட்டியைச் சுற்றிப் படுத்தது. மீன் விற்ற பெண் ஒரு சாக்கை எடுத்து மழைச்சாரல் விழாமல் பிடித்தாள். குட்டி பால் குடித்து முடியும் வரை நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். பிறகு பெட்டியைக் காட்டினேன். குட்டியை உள்ளே வைத்ததும் தாயும் தானாக ஏறிக்கொண்டது.

விரதம் முடியும் வரை தாயும் குட்டிகளும் அந்தச் சாமியறையிலேயே இருந்தன. தொலைபேசியில் கேட்ட அவளுடைய மாமி, "சாமியறைக்குள்ளை குட்டி போட்ட பூனையோ? துடக்கெல்லோ பிள்ளை!" என்று தீட்டுக்குப் பயந்து பதறினாராம். "முருகனுக்கு ஒரு குறையுமில்லை மாமி, நான் கேட்டனான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். விரதத்தை முறையாக முடித்தாள். மூன்று குட்டிகளும் பிழைத்தன. அவளுடைய வேண்டுதல் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அது அவள் சொல்ல வேண்டிய கதை.

பூனை இன்றும் மதில் ஏறுகிறது, முறைப்பாடுகளும் வருகின்றன. இப்போது யாராவது படலையடியில் வந்து நின்றால், செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு கூடவே போய் அது எங்கே போகிறது, ஏன் போகிறது என்று பார்க்கிறேன். ஒரு குற்றத்தை எத்தனை தடவை எண்ணினாலும் அதன் காரணம் அந்த எண்ணிக்கைக்குள் அகப்படாது என்பதை, அந்த மழைக்குள் என் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு குட்டிதான் எழுபத்து மூன்று வயதில் எனக்கு விளங்கப்படுத்தியது.