நாகம்மாளுக்குச் சர்க்கரை இல்லை

சத்யப்பிரியா தன் மாணவர்களுக்கு முதலில் சொல்லித் தந்தது ஸ்டெதஸ்கோப்பைப் பற்றி அல்ல. "பக்கத்துல உட்காந்து என்ன பண்ணுதுன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருங்க. அவங்க சொல்லாத வார்த்தைய நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க" என்பாள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு. ஆனால் அவள் வார்டு வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள் யாரும் இல்லை.

அவள் அப்பா கலியமூர்த்தி முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. கான்ட்ராக்டில் பல வருஷம் கிடந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம் அவள் பிறந்தாள். அந்தக் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆளே அவள்தான். எம்.டி.யும் முடித்து, அரசு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகவேண்டிய ஒரு புதிய தனியார் மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாள். ஷிப்ட் பஸ்ஸில் யாராவது, "பொண்ணு டாக்டரா இருக்குதாமே" என்று கேட்டால் கலியமூர்த்தி, "டாக்டருங்களுக்குப் பாடம் எடுக்கற டாக்டர்" என்று திருத்துவார்.

2003 ஆகஸ்டில் கல்லூரிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. அங்கீகாரம் கிடைக்க வேண்டுமென்றால் ஆசிரியர்கள் இருக்கவேண்டும், கருவிகள் இருக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கவேண்டும். பாதிப் படுக்கை காலியாகத்தான் கிடந்தது. துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டார்.

"சத்யா, உனக்குப் பத்து பெட். உங்க ஊர்ப்பக்கம் ஆளுங்க இருக்காங்க இல்ல? வேன் அனுப்பறோம். மதியச் சாப்பாடு உண்டு, சாயந்திரம் திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவோம்."

"சார், நோய் இல்லாதவங்கள எப்படி..."

"எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். அங்கீகாரம் போச்சுன்னா இருநூறு பசங்க தெருவுல நிப்பாங்க. அவங்கள நெனச்சுக்கோ."

அவள் அவர்களை நினைத்துக்கொண்டாள். அது வசதியாக இருந்தது. தன் வேலையையும் நினைத்தாள் என்பதை அப்போது தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய், "அப்பா, எங்க காலேஜ்ல இலவச கேம்ப். நம்ம ஊர்ல இருந்து பத்துப் பேரக் கூட்டிட்டு வர முடியுமா?" என்று கேட்டாள். கலியமூர்த்தி அன்று சாயங்காலமே டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்துக்குப் போனார். வீடு வீடாக ஏறி இறங்கினார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் மாலை டியூட்டி ரூமில் உட்கார்ந்து அவள் பத்து கேஸ் ஷீட் எழுதினாள். யார் வரப்போகிறார்கள் என்று தெரியாது. படுக்கை எண்ணைப் பார்த்து நோயைக் கொடுத்தாள். பதினைந்துக்கு மூட்டுவலி. பதினாறுக்கு மஞ்சள் காமாலை. பதினேழுக்குச் சர்க்கரை, ஆறு வருஷமாக. 'இதய ஒலிகள் சீராக உள்ளன, கூடுதல் ஒலி ஏதும் இல்லை' என்று எழுதும்போது அந்தப் படுக்கையில் ஒரு பச்சை விரிப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு மாணவன் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பாள். அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

காலையில் வேன் வந்தது. பத்துப் பெண்களும் கல்யாணத்துக்குப் போகிறமாதிரி நல்ல சேலையில் இறங்கினார்கள். அவர்களில் நாகம்மாளும் இருந்தாள். டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் தெருக்கூட்டுகிறவள். சத்யப்பிரியாவின் தெருவையும் அவள்தான் கூட்டினாள். அப்பாவின் ஊர் என்பதால் சிறு வயதிலிருந்தே அத்தை முறை. ஜன்னலோரப் படுக்கையாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தாள். அது பதினேழு.

"பாப்பா, எனக்கு இன்னா பண்ணுதுன்னு கேக்க மாட்டியா?"

"அத்த, யாராவது வந்து கேட்டா சக்கரைன்னு சொல்லுங்க. ஆறு வருஷமா இருக்குன்னு சொல்லுங்க."

"எனக்கா? சக்கரையா?"

"சும்மா. இன்னிக்கு மட்டும்."

"எனக்கு மூச்சுதான் பாப்பா. படுத்தா அடைக்குது. ராவெல்லாம் ஒக்காந்துகினே கெடக்கறன்."

"அப்பறமா பாக்கறேன் அத்த."

பதினைந்தாம் படுக்கையிலிருந்து வள்ளியம்மாள் சிரித்தாள். "எனக்கு முட்டி வலியாம். அது நெசமாவே இருக்குது, எப்பிடித்தான் கண்டுபுடிச்சுதோ. ஆதிலட்சுமிக்கு மஞ்சக் காமாலையாம். பந்தியில எல போட்டு வெக்கறாப்பல ஆளுக்கொண்ணு வெச்சிகினு போவுது நம்ம பாப்பா."

ஒரு நர்ஸ் வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்தாள். அது எந்த லேபுக்கும் போகாத ரத்தம். பதினொரு மணிக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். வெளிமாநிலத்துப் பேராசிரியர்கள். அவர்களில் வயதானவர் பதினேழாம் படுக்கையருகே நின்று கேட்க, சத்யப்பிரியா தமிழில் திருப்பிக் கேட்டாள். "ஆறு வருசமா சக்கரைங்க" என்று நாகம்மாள் கைகூப்பிச் சொன்னாள். அவர் கேஸ் ஷீட்டை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, இவ்வளவு நன்றாக எழுதப்பட்ட கேஸ் ஷீட்டை இந்த மாதத்தில் தான் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நொடியில் சத்யப்பிரியாவுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பின்னாட்களில் அந்த நாளின் மற்ற எதையும்விட அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

சாயங்காலம் டிஸ்சார்ஜ் கணக்கும் சரியாக இருக்கவேண்டுமென்று, கேஸ் ஷீட்டுக்கு ஏற்ற மருந்து எழுதிய சீட்டுகளைக் குமாஸ்தா கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிக்கொண்டே பத்திலும் கையெழுத்துப் போட்டாள். வேன் கேட்டைத் தாண்டும்போதுதான் நாகம்மாளின் மூச்சு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு ஞாயிறு போயிற்று.

மூன்றாவது ஞாயிறு காலை, துப்புரவு கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் சைமன்ராஜ் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்.

"டாக்டரம்மா, நாகம்மா தெருவுல விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேத்துட்டோம். பையில ஒரு சீட்டு இருந்துது, அதுல உங்க பேரு போட்டிருக்குன்னு கேஷுவால்டி டாக்டர் சொன்னாரு."

கலியமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினார்.

கேஷுவால்டியில் டியூட்டியில் இருந்தவர் ஆனந்த்ராஜ். படிக்கிற காலத்தில் அவளுக்கு இரண்டு வருஷம் சீனியர். நாகம்மாள் கட்டிலில் வியர்வையில் நனைந்து கிடந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"வரும்போது சுகர் முப்பத்தெட்டுக்கு எறங்கியிருந்தது, சத்யா. இப்பதான் கண்ணு முழிக்கறாங்க. இந்த மாத்திரை நீ எழுதினதுதானே? அப்ப சுகர் எவ்வளவு இருந்தது?"

அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான்.

"ரெக்கார்டு பாத்துதான் சார் சொல்லணும்" என்றாள்.

நாகம்மாள் மெதுவாகக் கண்ணைத் திருப்பினாள்.

"காலையில மாத்திரை போட்டீங்களாம்மா?" என்றார் ஆனந்த்ராஜ்.

"போட்டங்க. பாப்பா எழுதிக் குடுத்தது."

"சாப்பிட்டீங்களா?"

"கூட்டி முடிச்சுட்டுச் சாப்புடலாம்னு..." அவள் சத்யப்பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, அவசரமாகச் சொன்னாள். "ரெண்டா போட்டுட்டேன் போல இருக்குதுங்க. பாப்பா மேல ஒண்ணும் இல்லீங்க. எனக்குத்தான் எழுத்து தெரியாது."

"மாத்திரையில வெளையாடக் கூடாதும்மா. டாக்டர் என்ன சொன்னாங்களோ அதுபடி போடணும். உங்க பாப்பா அவ்வளவு படிச்சு எழுதிக் கொடுத்தா, நீங்க இஷ்டத்துக்குப் போட்டா எப்படி?"

"தப்புதாங்க" என்றாள் நாகம்மாள்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனந்த்ராஜ் கேஸ் ஷீட்டில் எழுதக்கூட ஆரம்பித்துவிட்டார். ஆபத்து நீங்கியது என்று அப்பா பெருமூச்சு விட்டார். சத்யப்பிரியா ஒரு நிமிஷம் பேசாமல்தான் நின்றாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இதமாகவும் இருந்தது.

"சார், அவங்களுக்கு சுகரே இல்ல."

ஆனந்த்ராஜ் நிமிர்ந்தார்.

"இன்ஸ்பெக்ஷனுக்குக் கூட்டிட்டு வந்தோம். பெட்டு நிரப்ப. கேஸ் ஷீட்ட முந்தின நாளே எழுதிட்டேன். சீட்டும் அப்படித்தான். நான் இவங்கள பரிசோதிக்கவே இல்ல."

அப்பா பக்கத்தில் நின்றார் என்பதால் தமிழிலேயே சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் பாதிதான் சொன்னதாக ஆகியிருக்கும். ஆனந்த்ராஜ் திட்டவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். திட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"சும்மான்னு சொன்னேனே அத்த" என்று நாகம்மாளிடம் கேட்டாள். கேட்கும்போதே தன் குரலில் குற்றத்தை அந்தப் பக்கம் தள்ளும் சாயல் இருப்பதைக் கேட்டாள்.

"சொன்ன பாப்பா. ரத்தம் எடுத்தாங்க இல்ல? பெறகு சீட்டும் குடுத்தாங்க. சக்கரை இருக்குது, நான் பயந்துக்கப் போறேன்னுட்டு நீ சும்மான்னு சொல்றியோன்னு நெனச்சுகினேன். மூச்சு வாங்கறதுகூட அதாலதான்னு நெனச்சேன். மெடிக்கல்ல கேட்டு வாங்கித் தவறாம போட்டேன்."

சத்யப்பிரியா ஆனந்த்ராஜிடம் ஸ்டெதஸ்கோப்பைக் கேட்டு வாங்கினாள். நாகம்மாளை இடது பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி, இதய நுனியில் வைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஒலிகளுக்கு நடுவே, தூரத்தில் லாரி போகிறமாதிரி ஓர் உருளல். மாணவர்களுக்குப் பல தடவை கேட்கவைத்த சத்தம்தான். அன்று பதினேழாம் படுக்கையில் அரை நிமிஷம் குனிந்திருந்தால் கேட்டிருக்கும்.

"அத்த, உங்க இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. அதாலதான் படுத்தா மூச்சு அடைக்குது. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா சரிபண்ணலாம்."

நாகம்மாள் அவளையே பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"இது நெசமா பாப்பா, இல்ல இதுவும் சும்மாவா?"

"நெசம்தான் அத்த."

நாகம்மாள் தலையாட்டிவிட்டு, ஆனந்த்ராஜ் பக்கம் திரும்பினாள். "நீங்களும் ஒரு தடவ வெச்சுப் பாருங்களேன் சார்."

சத்யப்பிரியா நகர்ந்து இடம் கொடுத்தாள். அவர் கேட்டு முடிக்கும்வரை, விடைத்தாள் கொடுத்துவிட்டு நிற்கும் பிள்ளைபோலக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "ஆமாம்மா, வால்வுதான்" என்று அவர் சொன்ன பிறகே நாகம்மாள் நம்பினாள்.

"அந்த மாத்திரை உடம்புல இன்னும் இருக்கும், நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார் ஆனந்த்ராஜ். "பாண்டிச்சேரிக்கு லெட்டர் நான் எழுதறேன். நீ வேணாம்."

அவள் சரி என்றாள். பழைய சீட்டை மட்டும் கேட்டாள்.

"கிழிச்சுப் போட்டுடு பாப்பா, எதுக்கு அது" என்றாள் நாகம்மாள்.

கிழித்தால் நல்லது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. சீட்டின் குறுக்கே, இந்த நோயாளிக்குச் சர்க்கரை நோய் இல்லை என்றும், பரிசோதிக்காமல் எழுதப்பட்டது என்றும், மூன்று வாரம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார் என்றும் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். ஆனந்த்ராஜ் அதைத் தன் கடிதத்தோடு சேர்த்துக் குத்தினார்.

வெளியே வந்ததும் கலியமூர்த்தி வண்டியைக் கிளப்பவில்லை. பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேம்ப்புன்னு சொன்ன."

"ஆமாப்பா."

"நான் ஒவ்வொரு வூடா போயி எம் பொண்ணு பாக்கும்னு சொல்லிக் கூட்டியாந்தேன்." வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். "இன்னும் ஒம்பது பேருகிட்ட சீட்டு இருக்குதே."

அவளுக்கு அது அதுவரை தோன்றியிருக்கவில்லை. மருத்துவம் படித்த அவளுக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருந்தது.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே முத்தாண்டிக்குப்பத்துக்கு வண்டியை விட்டார். முதல் வீடு வள்ளியம்மாளுடையது. வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தவள், உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து முந்தானையால் துடைத்தாள்.

"டாக்டரம்மாவே வூடு தேடி வந்திருக்குது. ஒக்காரு பாப்பா. அந்த மாத்திரை முட்டிக்கு நல்லாத்தான் கேக்குது. தீந்துதுன்னு மறுபடியும் வாங்கியாந்தேன். வயிறுதான் கொஞ்சம் எரியுது, அது ஒண்ணும் இல்ல. ஒனக்குக் கைராசி."

கலியமூர்த்தி வண்டியருகிலேயே நின்று தெருவைப் பார்த்தார். சத்யப்பிரியா உட்காரவில்லை.

"அத்த, அந்த மாத்திரைய இனிமே போடாதீங்க. அன்னிக்கு நான் உங்கள பாக்கவே இல்ல" என்று ஆரம்பித்தாள்.